வெற்றிடம் கதவைத் தட்டுமா?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சுகம். அங்கே உங்கள் இடது முழங்கால் உங்களைப் படியேற விடுகிறது என்றும், சம்பந்தியம்மாளின் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி நடக்கிறது என்றும் நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஒருவேளை அடங்காமல் இருந்தால், இதை நீங்கள் மட்டும் படித்துவிட்டு அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

உங்கள் மகன் வேலையை விட்டதும், என் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், கீழ் வீட்டு டீச்சரின் கட்டில் நனைந்ததும் இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். என்ன வரிசையில் வந்தது, யார் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு வந்தது என்பது எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். இதில் மனிதர் ஏறலாம், இதில் ஏறக்கூடாது என்று கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றவன். விபத்து அறிக்கை எழுதிப் பழகிய கை இது, உணர்ச்சிவசப்படாது.

உங்கள் மகன் விமான நிலையத்தில் நல்ல வேலையில்தான் இருந்தார். விமானத்திலிருந்து இறக்குகிற பெட்டிகளைப் பயணிகளிடம் கொண்டுவந்து சேர்க்கிறதே ஓடும் பட்டை, அதற்கு அவர்தான் பொறியாளர். பெட்டிகள் எல்லா நாளும் போய்ச் சேர்ந்தன என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை என் பெட்டிக்குப் பதிலாக யாரோ ஒரு மேஜிக் நிபுணரின் பெட்டி வந்து, அதைத் திறந்த என் மனைவி அலறிய அலறலில் புறா வெளியே போக ஜன்னலைத் தேடியது. மாப்பிள்ளையாயிற்றே என்று அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பெட்டியைச் சேர்ப்பதற்கே தடுமாறிய அந்த மனிதர், அந்த வேலையை உதறிவிட்டு, மனிதர்களை ஒரு கேலக்ஸியிலிருந்து இன்னொரு கேலக்ஸிக்கு அனுப்ப முடியுமா என்று பார்க்கிற ஓர் ஆய்வு மையத்தில் போய்ச் சேர்ந்தாரே, அன்றைக்கே நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். சம்பந்தி மனசு புண்படுமே என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது புண்பட்டாலும் பரவாயில்லை என்கிற நிலைமைக்கு வந்திருக்கிறேன்.

அந்தத் தூரம் எவ்வளவு என்று எனக்குப் புரியவைப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையிலேயே வகுப்பு எடுத்தார். என் முன்னால் ஒரு தட்டை வைத்து, "மாமா, இது நம்ம கேலக்ஸி. சூரியன், பூமி, வானத்துல நீங்க பாக்கற நட்சத்திரம், எல்லாம் இதுக்குள்ள அடக்கம்" என்றார். இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு நடந்தார், நடந்தார், கூடத்தைத் தாண்டிச் செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் போய் அதன் மேல் வைத்தார். "இது பக்கத்துல இருக்கற பெரிய கேலக்ஸி." சாப்பிடுகிற தட்டைச் செருப்பின் மேல் வைத்ததற்கு என் மனைவி பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை.

"நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல, மாமா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒரு பீரோ அளவு இடத்துல ஒரே ஒரு அணு இருந்தா அதிகம்."

"தூசி தட்டற வேலை மிச்சம்" என்றாள் என் மனைவி.

இப்போது இருக்கிற ராக்கெட்டில் போனால் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். சூரியனே அணைந்துபோன பிறகும் பாதி வழி தாண்டியிருக்காதாம். "அப்ப முடியாதுன்னு சொல்லுங்க, சாப்பிடலாம்" என்றேன். அப்படி இல்லையாம். ஒளியின் வேகத்துக்கு மிக மிகப் பக்கத்தில் போய்விட்டால், கப்பலுக்குள் இருப்பவர்களுக்கு முப்பது வருஷத்துக்குள் பயணம் முடிந்துவிடுமாம். ஆனால் வெளியே இங்கே, நம் வீட்டில், உங்கள் வீட்டில், இருபத்தைந்து லட்சம் வருஷம் ஓடியிருக்குமாம். "அப்ப பால்காரர்கிட்ட எத்தனை நாளைக்குப் பால் வேண்டாம்னு சொல்றது?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. அந்த வேகத்துக்கு எரிபொருள் எங்கே என்று நான் கேட்டேன். "அத வேற பிரிவு பாக்கறாங்க, மாமா." கப்பலை யார் கட்டுவது? அதையும் வேறு பிரிவு. எதிரே வருகிற அந்த ஒற்றை அணு, அந்த வேகத்தில் முகத்தில் மோதினால் தோட்டா மாதிரி இருக்காதா? அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவில் இன்னும் ஆள் எடுக்கவில்லை. சம்பந்தி, நானும் அலுவலகத்தில் காலம் தள்ளியவன்தான். ஒரு காரியத்தை எல்லாரும் வேறு பிரிவு பார்க்கிறது என்று சொன்னால் அதை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

போதாததற்கு, அந்தப் பக்கத்து கேலக்ஸி தானாகவே நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று அவரே சொன்னார். பல நூறு கோடி வருஷத்தில் வந்து இடித்தாலும் இடிக்கலாமாம். வருகிற விருந்தாளியை வீட்டில் இருந்து வரவேற்பதுதானே முறை, பாதி வழிக்கு ஓடிப்போய் ஏன் நிற்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். பெரியவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மணி உண்டு, அழுத்தினால் கீழே காவலாளிக்குக் கேட்கும், அவர் டீ குடித்துவிட்டாவது வருவார். இரண்டு கேலக்ஸிக்கு நடுவில் நின்றால் எந்த மணியை அழுத்துவது என்று கேட்டேன். அதற்கும் அதே சிரிப்பு. ஒன்று மட்டும் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. உலகத்திலேயே புகார் வராத ஒரே தொழில் இதுதான். போய்ச் சேரவில்லை என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. வந்தாலும், கேட்பதற்கு இந்த அலுவலகம் இருக்காது.

இந்த மையத்தில் உங்கள் மகனுக்குக் கிடைத்த இடம் சகிப்புப் பிரிவு. கப்பலும் எரிபொருளும் பிறகு வரட்டும், முதலில் நாலு மனிதர்கள் ஒரு மூடிய இடத்தில், வெளியே ஒன்றுமே இல்லாத நிலைமையில், ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் இருப்பார்களா என்று பார்ப்பது அந்தப் பிரிவின் வேலை. அதற்கு ஒரே வாசல் உள்ள வீடு வேண்டும், பால்கனி இருக்கக்கூடாது, உள்ளே ஒரு குடும்பம் வேண்டும். மூன்றாவது மாடியில் இருக்கிற எங்கள் வீட்டை அவர் காட்டிக்கொடுத்துவிட்டார். மையத்தின் டாக்டரம்மா ஒருவர் வந்து எங்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார். நான் சம்மதித்தது ஏன் என்று கேட்பீர்கள். என் குடும்பத்தில் எந்தக் குறையும் இல்லை, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்கிற ஒரே எண்ணம்தான்.

ஆளுக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். கேப்டன் என் மனைவி. "இத்தனை வருஷம் சாரோட இருந்திருக்காங்க, வேற அனுபவமே தேவையில்ல" என்று டாக்டரம்மா சொல்லிச் சிரித்தார். நானும் பெருமையாகச் சிரித்தேன். வழிகாட்டி அதிகாரி உங்கள் மகன்; எங்கே போகிறோம் என்று சுவரில் ஒட்டிய படத்தில் தினமும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பராமரிப்பு அதிகாரி நான். ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாகச் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டேன், மறைக்கமாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. என் மகளுக்குத் தகவல் தொடர்பு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிற பெண், விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பூமிக்குத் தினமும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பதில் வர இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆகும் என்பதால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று விதிமுறையில் தெளிவாக இருந்தது.

ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். கதவைச் சாத்தி, ரப்பர் பட்டை ஒட்டி, ஒரு மாதத்துக்குத் திறக்கக்கூடாது, வெளியே வெற்றிடம், திறந்தால் அத்தனை பேரும் அந்த நொடியே செத்துப்போவீர்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிடத்தின் வழியாக இறங்கிப்போனார்கள். சாப்பாடு பொட்டலங்களில் இருந்தது. எல்லாப் பொட்டலத்துக்கும் ஒரே ருசி, செருப்புக்கடை அட்டைப்பெட்டியை வெந்நீரில் ஊறவைத்த மாதிரி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பலகாரத்தின் பெயர் ஒட்டியிருந்ததால், எதைச் சாப்பிடுகிறோம் என்று படித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள், மிதித்தால்தான் கூடத்து விளக்கு எரியும். நான் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு மிதித்தேன். பழைய செய்தியில் ஒரு சௌகரியம், விலைவாசி குறைவாக இருக்கும்.

தண்ணீருக்கு இரண்டு டிரம். அதிலிருந்து குளியலறைக்குக் குழாய் இணைக்கும் பொறுப்பு பராமரிப்பு அதிகாரியுடையது. இணைப்பு மிகச் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். தண்ணீர்தான் ஒத்துழைக்கவில்லை. முதல் வாரம் முடிவதற்குள் வாசல் மணி அடித்தது.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "யாரும் அசையாதீங்க. வெளிய வெற்றிடம்."

"வெற்றிடம் கதவைத் தட்டுமா, மாப்பிள்ளை?" என்றாள் கேப்டன்.

"அத்தை, இதுவும் சோதனையாத்தான் இருக்கும். திறக்கறோமான்னு பாக்கறாங்க."

மணி நின்று, கதவை உள்ளங்கையால் அறைகிற சத்தம் கேட்டது. பிறகு, கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி உயர்ந்து, அதன் வழியாகக் கீழ் வீட்டு டீச்சரின் குரல் வந்தது. "உள்ள இருக்கீங்கன்னு தெரியும்! சைக்கிள் சத்தம் கேக்குது!"

நான் மிதிப்பதை நிறுத்தினேன். விளக்கு அணைந்தது. இருட்டில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப நிறுத்தினதும் தெரியும்!" என்றது குரல். "உங்க பாத்ரூம் தண்ணி என் கட்டில் மேல கொட்டுது!"

மாப்பிள்ளை துவாரத்தின் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நாங்க இப்ப ரெண்டு கேலக்ஸிக்கு நடுவுல இருக்கோம்" என்று சொன்னார்.

துவாரத்தின் மூடி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு டீச்சர் நிதானமாகச் சொன்னார். "தம்பி, நீங்க எங்க வேணா இருங்க. உங்க பாத்ரூம் என் தலைக்கு மேல இருக்கு."

விதிமுறைப்படி பதில் சொல்லக்கூடாது என்று உங்கள் மகன் முடிவு செய்தார். அந்தப் பெண்மணி அன்றிலிருந்து தன் வீட்டு வரவேற்பறையில் படுத்துத் தூங்கினார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டைத் தாண்டத் துணிந்த உங்கள் மகன், ஒரு மாடி இறங்கி மன்னிப்புக் கேட்கப் பயந்தார். இதை நீங்கள் அவருக்குக் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டும். டிரம் குழாயை நான் வேறு விதமாக இணைத்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

இனி என் மகளைப் பற்றி. தகவல் தொடர்பு அதிகாரி என்கிற முறையில் அவள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் சாப்பாட்டு மேஜையில், எல்லாரும் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு தன் செய்தியைச் சொல்வாள்.

"எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. புது ஆஸ்பத்திரி, மருந்தகத்துக்கு நான்தான் தலைமை. இத்தனை வருஷம் இதுக்காகத்தான் உழைச்சேன். விடுப்பு முடிஞ்சதும் அங்க போய்ச் சேரணும். பதில் வர இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆகும்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன்."

உச்சரிப்பு அத்தனை தெளிவு. ஒரே செய்தியை நாள் தவறாமல், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். நல்ல பயிற்சி என்று நான் மனதுக்குள் பாராட்டினேன். மாப்பிள்ளை சுவர்ப் படத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டுவார், அவர் அங்கே வேகத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கேப்டன் மட்டும் ஏனோ ஒவ்வொரு தடவையும் என் முகத்தையே பார்த்தாள். ஒருநாள், "என்னங்க, அவ சொல்றது காதுல விழுதா?" என்று கேட்டாள். "விழாம என்ன, நல்லாவே விழுது. கடைசி வரியை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லலாம்" என்று என் மகளுக்கு ஓர் ஆலோசனையும் கொடுத்தேன். அவள் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பசி இல்லை போலிருக்கிறது. அந்தப் பொட்டலத்துக்கு யாருக்குத்தான் பசிக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பயணத்திலேயே அருமையான பகுதி. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. யாரும் எதையும் எடுத்துக்கொடுக்கச் சொல்லவில்லை, ரேடியோவைக் குறைக்கச் சொல்லவில்லை, ஈரத் துண்டை நாற்காலியில் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் பாட்டுக்கு மிதித்தேன், படித்தேன், தூங்கினேன். வெற்றிடம் என்று பயமுறுத்தினார்களே, இவ்வளவு சௌகரியமாக இருக்கிறதே என்று வியந்தேன். பயணம் முடிந்த பிறகுதான், அத்தனை நாளும் கேப்டன் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள் என்பதை அவளே சொன்னாள். எனக்குத் தெரியாமல் போயிற்று. முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டாமா? இதுதான் நிர்வாகக் கோளாறு என்பது.

முடிவுக்கு வருகிறேன். ஒருநாள் காலை, நான் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். திறக்கப்போகாத கதவானாலும் கீல் கீல்தானே. என் மகள் பெட்டியோடு வந்து நின்றாள். "அப்பா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாள். நான் தள்ளினேன். ரப்பர் பட்டையைச் சர்ரென்று கிழித்தாள். அந்தச் சத்தத்துக்கு மாப்பிள்ளை கையில் பேனாவோடு ஓடிவந்தார்.

"என்ன பண்ற? கதவைத் திறந்தா எல்லாரும் செத்துருவோம்!"

"திறக்காம இருந்தாலும் அதான் நடக்குது" என்று சொல்லிவிட்டு என் மகள் கதவைத் திறந்தாள்.

வெற்றிடத்தில் பக்கத்து வீட்டுக் கோலப்பொடி நிறத்துப் பூனை ஒன்று உட்கார்ந்திருந்தது. என் மகள் அதைத் தாண்டிப் படியிறங்கினாள். பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் டக், டக் என்று இடித்தது. மாப்பிள்ளை வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். கால் விரல்கள் படியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த முகத்தை நான் என் வேலையில் பார்த்திருக்கிறேன், நடு மாடியில் நின்றுபோன லிஃப்டின் கதவை நாங்கள் நெம்பித் திறக்கும்போது உள்ளே இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் முகம் இருக்கும். தாவினால் தரை, ஆனால் தாவ வராது. என் மனைவி அவர் பின்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல், "மாப்பிள்ளை, கேப்டன் சொல்றேன். போங்க" என்றாள். வீட்டுச் செருப்போடு, கையில் அந்தப் பேனாவோடு அவர் ஓடினார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. மேல் கீலுக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது, காதில் விழுந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் உங்கள் மகன்.

"தினமும் சொன்னேன்."

"அது..." பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. "அது பயிற்சிக்காகச் சொல்றன்னு நினைச்சேன்."

"தெரியும். அப்பாவும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு."

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது என்றால் தவறு செய்தியில்தானே தவிர, கேட்டவர்கள் மேல் எப்படி ஆகும்? ஆனால் என் மகள் அழுதாள், சம்பந்தி. அழுதது கேட்டது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். போய் ஏதாவது சொல்லலாமா என்று இருந்தது. என்ன சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் உங்கள் மகன், "எப்ப போய்ச் சேரணும்? நானும் வரேன். அங்கயும் விமான நிலையம் இருக்குமில்ல, பெட்டியும் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். சரி, அவர்களே பேசிக்கொள்கிறார்கள் என்று கீழ்க் கீலுக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு டீச்சர் வாளியோடு மேலே ஏறி வந்தார். படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "வந்து சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். உங்கள் மகன் எழுந்து நின்று, கையைக் கூப்பி, கீழே போய் அவருடைய கூரையைப் பார்த்து, பிறகு மேலே வந்து என் இணைப்பைக் கழற்றி அவர் இஷ்டத்துக்கு மாற்றினார். ஒழுகுவது நின்றது. காய்கிற பருவம் வேறு, தானாகவே நின்றிருக்கும்.

இரண்டு நாளில் இருவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு புது ஊருக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மையத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வழியனுப்பும்போது என் மனைவி மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஆண்பிள்ளை, பெண்டாட்டிக்கு மாற்றல் வந்தது என்று தன் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறார். இந்த வளர்ப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, வளர்த்தவர் நீங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒன்று, கேலக்ஸி என்கிற வார்த்தையை இனிமேல் நம் இரண்டு குடும்பத்திலும் யாரும் எடுக்கக்கூடாது. அந்த மையம் ஒரு பித்தலாட்டம். அங்கே இருப்பவர்கள் பகல் கனவு காண்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள், அந்த டாக்டரம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த இடைவெளியை இன்றைக்கும் தாண்ட முடியாது, என்றைக்கும் தாண்ட முடியாது, தாண்டிப் போய் அங்கே செய்வதற்கும் ஒன்றும் இல்லை. இதை ஒரு லிஃப்ட் ஆய்வாளன் என்கிற முறையில் சான்றிதழாகவே எழுதித் தருகிறேன். இன்னொன்று, உங்கள் மகனுக்கு நீங்கள் நேரில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும்: பக்கத்தில் இருக்கிற மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்கப் பழக வேண்டும் என்று. நான் சொன்னால் எடுபடாது, நீங்கள் சொன்னால் கேட்பார்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் அன்பையும் சொல்லவும். உங்கள் முழங்கால் உங்கள் சொற்படி நடக்கவும், பிள்ளைகள் போன இடத்தில் ஒருவரை ஒருவர் அனுசரித்து வாழவும், வீட்டில் விளக்கு மிதிக்காமலே எரியவும் மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
மின்தூக்கி ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் ஒரு விஷயம். மேலே எழுதிய அத்தனையையும் ரத்து செய்ததாகக் கருதவும். இப்போதுதான் அந்த மையத்தின் டாக்டரம்மா வந்துவிட்டுப் போனார். மிகவும் படித்த பெண்மணி, நல்ல பொறுமைசாலி. அந்த மையமும் சாதாரண இடம் இல்லை, உலகத்திலேயே இந்தத் துறையில் முக்கியமான இடமாம். சோதனை தோற்றுவிட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். "யார் சார் சொன்னது? எங்களுக்கு வேண்டிய ஆள் கிடைச்சுட்டாரு" என்றார். எங்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டைகளில் நாடித்துடிப்பு எல்லாம் பதிவாகியிருக்கிறது. "பக்கத்துல பேச்சை நிறுத்தினாலும், சாப்பிடாம எழுந்து போனாலும், கதவைத் திறந்துகிட்டு வெளிய போனாலும் உங்க நாடி ஒரே சீரா இருந்திருக்கு. ரெண்டு கேலக்ஸிக்கு நடுவுல முப்பது வருஷம் தனியா விட்டாலும் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, சார். இப்படி ஒருத்தரை நாங்க பாத்ததே இல்ல" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இடைவெளியைத் தாண்ட முடியும், சம்பந்தி. தகுந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். செய்தியை நம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நீங்களே சொல்லிவிடவும்.

என் மனைவிக்கும் பெருமை தாங்கவில்லை. "இதுக்கு ஒரு ஆராய்ச்சி மையமா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான வருஷமே சொல்லியிருப்பேனே" என்றாள். அடுத்த கட்டச் சோதனைக்கு மையத்திலேயே ஒரு சின்ன அறையில் நான் மட்டும் தனியாக இருக்க வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளே பேனாவைத் தேடி எடுத்துவந்து போட்டுவிட்டாள். எத்தனை நாளைக்கு என்று டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தபோது, "பரவாயில்லம்மா, நீங்களே பாத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். என் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.